அடுப்படிக்கும் ஓர் ஆயுத பூசை

நவராத்திரியின் ஒன்பதாம் நாளான ஆயுத பூசைக்கு மலேசியாவின் மூவாரில் பொது விடுமுறை கிடையாது. தமிழ்நாட்டில் பட்டறைகள் பூட்டிக் கிடக்கும் அந்த நாளில், இங்கே மேசை நாற்காலித் தொழிற்சாலைகளில் ரம்பங்கள் வழக்கம்போல் ஓடும். தஞ்சோங் ஆகாஸ் பக்கம் பேக்டரி பஸ்கள் ஷிப்டு மாறும் நேரத்துக்கு ஆள் ஏற்றி இறக்கும். பூசை மாலைக்குத் தள்ளிப் போகும். வேலை விட்டு வந்த கணவர் காரையும் மோட்டாரையும் கழுவிப் பொட்டு வைப்பார். மடிக்கணினிக்கும் ஒரு துளி சந்தனம் உண்டு. அதே நேரத்தில் அடுப்படியில் சுண்டலைத் தாளித்துக்கொண்டு நிற்பவர், அவரைப் போலவே ஷிப்டு முடித்து வந்த மனைவி.

கணினிக்குப் பொட்டு வைப்பதைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கத்தின் மீது மிகுந்த மரியாதை உண்டு. சோறு போடும் கருவியின் முன் ஆண்டுக்கு ஒருமுறையாவது கைகூப்பி நிற்பவன் அதைக் கொஞ்சம் பொறுப்போடுதான் கையாளுவான். ஆனால் ஆயுத பூசையின் உயிர் சந்தனத்தில் இல்லை. பூசையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமியில்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறது. உளி ஓய்ந்தால் தச்சனும் ஓய்ந்தாக வேண்டும். அந்த ஓய்வைத் தொழிற்சாலைக் கணக்கிடம் விட்டுக்கொடுத்துவிட்டோம். கையில் மிஞ்சியது பொட்டு மட்டும்.

கருவியைப் பற்றிச் சைவ சித்தாந்தம் நிறையவே யோசித்திருக்கிறது. ஆணவத்தில் கட்டுண்ட உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தவை நான்கு: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி. கரணம் என்று அங்கே சொல்லப்படுவது மனம், புத்தி முதலான உட்கருவிகளை. அதைக் கையிலிருக்கும் கைப்பேசி வரை நீட்டுவது என் துணிவுதான். ஆனாலும் வரிசை தெளிவாக இருக்கிறது: கருவி உயிருக்காக வந்தது. அது தலைகீழாகும்போது, சைவர்களாகிய நமக்குத்தான் முதலில் உறுத்த வேண்டும்.

பெரிய புராணத்தில் தொழிலாளிகள் இருக்கிறார்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தவர், அதிபத்தர் மீன்பிடித்தவர். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அவரிடம் முதியவர் ஒருவர் வேடத்தில் இறைவனே வந்து தன் கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தரவேண்டும் என்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடுவதாக இல்லை. தொண்டர் துணி துவைக்கும் கல்லில் தன் தலையை மோதப் போகிறார். சொன்ன நேரத்துக்கு வேலை முடியாததற்காக மட்டும் அவர் தவிக்கவில்லை. அந்த மெலிந்த உடம்பு குளிரில் நடுங்குமே என்று தவிக்கிறார். வேலையின் அளவுகோல் எதிரே நிற்கும் உடம்பு. இந்தக் கதையைக் கோயில் சொற்பொழிவில் கேட்டுவிட்டு, மறுநாள் உற்பத்திப் பலகையில் எழுதிய எண்ணிக்கையைப் பார்க்கும்போதும் அந்த அளவுகோலை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூவாரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்தார்கள். பால் வற்றிய கித்தா மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போயிற்று. அது எளிதில் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும் மரம். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு நிலைமை மாறியது. சுமார் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம் வெளிநாட்டு வீடுகளுக்கு உணவு மேசையாகப் போகத் தொடங்கியது. மலேசியாவின் மரத் தளவாட ஏற்றுமதியில் பாதிக்குமேல் மூவாரின் பங்கு என்கிறார்கள் தொழில்துறையினர். பால் வெட்டிய பாட்டியின் கை தொட்ட மரத்தைப் பேரன் இழைத்து மெருகேற்றுகிறான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னொரு தொழில் கண்ணுக்கே தெரியாதது. எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை மூவாரில் 1974 முதல் இருக்கிறது. 2021 ஜூன் 1-இல் நாடு மீண்டும் முழுமையாக முடக்கப்பட்டபோது மேசை நாற்காலித் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. மின்னணுத் துறையைக் குறைந்த ஆட்களோடு ஓட அரசு அனுமதித்தது. அதன் பிறகு இந்தத் தொழிற்சாலைக்குள் கோவிட் பரவியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். சில பகுதிகள் மூடப்பட்டன. கார்களுக்கான சில்லு போய்ச் சேராமல் போஷ் போன்ற நிறுவனங்கள் தடுமாறின. அப்போதுதான் உலகம் மூவார் என்ற பெயரை உச்சரித்தது. செய்திகளில் உற்பத்தியாகாமல் போன வாகனங்களின் எண்ணிக்கை பெரிதாக வந்தது, இறந்தவர்கள் ஓரிரு வரியில் வந்தார்கள். ஆயுத பூசையன்று நாம் பொட்டு வைக்கும் காருக்குள் அப்படியொருவர் கைபட்ட சில்லு இருக்கக்கூடும். அந்தப் பூசையில் அவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்பது நம் சமயத்துக்கு முழுக்க உகந்த காரியம் என்றே நான் நம்புகிறேன்.

இனி வீடு. அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் கோவை கிரைண்டர் வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். இயந்திரம் பாரத்தைக் குறைத்தது, நேரத்தைக் குறைக்கவில்லை என்று கண்டார். துவைப்பது சுலபமானதும் தினமும் துவைக்க வேண்டியதாயிற்று; முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்த பங்கும் இல்லத்தரசியின் தலையிலேயே விழுந்தது. நம் வீடுகளில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. மாவு அரைக்க இரண்டு பேர் வேண்டியிருந்த காலத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று மருமகள் தனியாக ஸ்விட்சைத் தட்டிவிட்டு, கைப்பேசியில் பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப்புக்குப் பதில் எழுதுகிறாள்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. என் கணக்கில் அதைவிடப் பெரிய மாற்றம் அதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 டிசம்பர் 1-இல் நடந்தது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்புத் திட்டம் அன்று நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்தினால், 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிக்கு வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் உடல் செயலிழப்புக்கும் இழப்பீடு உண்டு. அடுப்படியும் வேலைத்தலம்தான் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. வாணலி எண்ணெய் கையில் கொட்டினால் அது தொழில் விபத்து. சரஸ்வதி படத்தின் முன் அரிவாள்மனையை வைத்த நம் முன்னோர் இதை எப்போதோ ஒப்புக்கொண்டவர்கள்.

ஆகவே மூவார், தங்காக், பாகோ வட்டாரக் கோயில் நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆயுத பூசைக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம் வையுங்கள். சமையல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் ஆண்கள் பொறுப்பு. அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. கிரைண்டருக்கும் கரண்டிக்கும் பொட்டு வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த இளைஞர் இருவரை உட்கார வையுங்கள். வரும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் அங்கேயே சொக்சோ பதிவை அவர்கள் செய்து கொடுக்கட்டும். அந்த 120 வெள்ளியை, காருக்கு மாலை வாங்கும் குடும்பத் தலைவர் கட்டட்டும்.