உத்தர நாராயணமும் ஒரு பாடபேதமும்

புருஷஸூக்தம் நான்கு வேதங்களிலும் இடம்பெறும் ஏற்றமுடையது. ருக்வேதத்தில் பத்தாம் மண்டலத்துத் தொண்ணூறாம் ஸூக்தமாக 16 ருக்குகளோடு அமைந்துள்ளது. அங்கு ரிஷி நாராயணர், தேவதை புருஷன். தைத்திரீய ஆரண்யகத்தில் மூன்றாம் ப்ரச்நத்தின் 12ஆம் அநுவாகமாக 18 மந்த்ரங்களோடு ஓதப்படுகிறது. தென்னாட்டு வைணவரில் பெரும்பாலோர் தைத்திரீய சாகையினராதலின், திருமஞ்சன காலத்தில் நம் ஸந்நிதிகளில் ஒலிப்பது பெரும்பாலும் இப்பாடமே.

இவ்வநுவாகத்தை மட்டும் நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். ‘புருஷன்’ என்பது பொதுச்சொல். அப்பரம்பொருள் இன்னான் என்று திருநாமமிட்டு அங்கு ஓதப்படவில்லை. அவ்வையத்தை அறுப்பது, அடுத்த 13ஆம் அநுவாகமாகிய உத்தர நாராயணம். முற்கூறிய புருஷனையே முன்னிலையாக்கி, ஹ்ரீயும் லக்ஷ்மியும் அவனுக்குப் பத்நிகள் என்கிறது அது. லக்ஷ்மீபதித்வம் வேறெத்தேவதைக்கும் பொருந்தாத அஸாதாரண அடையாளம். எனவே பொதுச்சொல் ச்ரிய:பதியிடத்தே முடிவு பெறுகிறது. எம்பெருமானாரும் வேதார்த்தஸங்க்ரஹத்தில் பரதத்துவ நிர்ணயத்துக்கு இவ்வாக்யத்தைக் காட்டியருளினார்.

இனி, பாடபேதம். சுக்ல யஜுர்வேதத்து வாஜஸநேயி ஸம்ஹிதையின் 31ஆம் அத்யாயத்தில் இவ்விரு பகுதிகளும் 22 மந்த்ரங்களாகச் சேர்ந்துள்ளன. அங்கு ‘ஹ்ரீ’ என்னுமிடத்தில் ‘ஸ்ரீ’ என்று பாடம். இரண்டு அச்சுப் பிரதிகளையும் ஒப்பிட்ட சிலர், நம் பாடத்தைப் பிழையெனக் கருதித் திருத்தி ஓதுகின்றனர். பிராட்டியிடத்துப் பக்தியால் செய்யினும் இது தகாது.

காரணம் இரண்டு. ஒன்று: சாகைகள் யாவும் அபௌருஷேயம், ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் திருத்துதல் இயலாது. பதம், க்ரமம், ஜடை, கனம் என்று முன்னோர் வகுத்த ஓதுமுறைகளெல்லாம் அக்ஷரமும் ஸ்வரமும் பிறழாமைக்கே ஏற்பட்டன. ஒரு பாடம் ஐயமாயின் தீர்ப்பு ஆசார்யமுகத்தில். அச்சுப் பிரதியில் அன்று.

மற்றொன்று: திருத்தினால் பொருளும் குறையும். ‘ஹ்ரீ’ என்பதற்கு நாணம் என்பது உலகப்பொருள். ஆயினும் இங்குச் சகாரம் இருமுறை வருகிறது. பத்நீசப்தமும் இருமையில் நிற்கிறது. ஆதலின் லக்ஷ்மியினும் வேறான மற்றொரு பிராட்டி கொள்ளப்படுதல் வேண்டும். அவள் பூமிப்பிராட்டி என்று பெரியோர் நிர்வஹிப்பர். ஆக, உபயநாச்சிமாரோடு எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை நம் சாகை இச்சொல்லாலேயே காட்டுகிறது.

கோஷ்டியில் ஓதும் இளையோர்க்கு ஒரு விண்ணப்பம். பொழுது குறுகியதென்று 12ஆம் அநுவாகத்தோடு நிறுத்திவிடும் வழக்கம் சிலவிடங்களில் காணப்படுகிறது. புருஷன் யாவன் என்னும் கேள்விக்கு விடை 13இல் உள்ளது. அதனையும் சேர்த்தே, கற்ற பாடத்தை மாற்றாது அநுஸந்திப்பது நமக்கு ஸ்வரூபம்.