பனிக்கு அடியில் ஓர் ஆறு

நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளை நிரப்பிச் செல்லும் தென்பெண்ணை மழையையும், இன்றைய நிலையில் பெங்களூருவின் கழிவுநீரையும் நம்பியிருக்கும் ஆறு. கங்கையின் தலையாறுகளுள் ஒன்றான பாகீரதியோ, உத்தராகண்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் முனையில், கோமுகம் எனப்படும் பனிக்குகையிலிருந்து கலங்கிய பெருநீராகவே வெளிப்படுகிறது. மலைச்சரிவில் தன் எடையாலேயே மெல்ல நகரும் பனித்திரளே பனியாறு. கோமுகத்து நீரின் பெரும்பகுதி அதன் அடித்தளத்தின் வழியாக வந்து சேர்வதாகும்.

கோடையில் மேற்பரப்பில் உருகும் நீர், வெடிப்புகளிலும் செங்குத்தான துளைகளிலும் விழுந்து, பனிக்கும் பாறைக்கும் இடைப்பட்ட தளத்தை அடைகிறது. அங்கே அது எதிர்கொள்ளும் நிலை நிலத்தடி நீரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஓசூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் தேடும் நீர் கருங்கல்லின் பிளவுகளில் தங்கியிருக்கிறது. அப்பிளவின் அகலம், உள்ளே ஓடும் நீரால் ஒரு கோடைக்குள் மாறிவிடுவதில்லை. பனிக்குள் ஓடும் நீரோ, சரிவில் இறங்கும்போது இழக்கும் ஆற்றல் வெப்பமாக மாறுவதால், சுவரை உருக்கித் தன் பாதையைத் தானே அகலப்படுத்திக்கொள்கிறது. மேலே அழுத்தும் பனி நெகிழ்ந்து வந்து அதே பாதையை மூட முயல்கிறது.

இவ்விரு செயல்களின் சமநிலையைச் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972இல் கணக்கிட்டபோது, வியப்பான முடிவு ஒன்று கிடைத்தது: நீரோட்டம் சீராக இருக்கும்வரை, மிகுதியான நீரைக் கொண்டுசெல்லும் கால்வாயில் அழுத்தம் குறைவாகவே இருக்கும். எனவே பெரிய கால்வாய் அருகிலுள்ள சிறியவற்றின் நீரை ஈர்த்து மேலும் பெரிதாகிறது.

கோடையின் தொடக்கத்தில் இத்தகைய கால்வாய்கள் இருப்பதில்லை. பாறை மேடுகளின் மறைவில் உள்ள சிறு குழிவுகளும், அவற்றை இணைக்கும் குறுகிய இடுக்குகளுமே உள்ளன. அவற்றில் புதிய நீர் நிறையும்போது அழுத்தம் ஏறி, பனியைப் பாறையிலிருந்து சற்றே தூக்கி, உராய்வைக் குறைப்பதால் பனியாறு விரைந்து சறுக்குகிறது. கால்வாய்கள் உருவானபின், உருகுநீர் அதிகரித்தும் வேகம் தணிவதுண்டு. நீர் கூடினால் சறுக்கலும் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வழிகளை அறிய, பாகீரதி வடிநிலத்தின் டோக்ரியானி பனியாற்றில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சையத் இக்பால் ஹஸ்நைன் குழுவினர் சாயச் சோதனை நடத்தி, முடிவுகளை 2001இல் வெளியிட்டனர். இம்முறையில், மேலே ஊற்றிய சாயம் முனையில் விரைந்து, ஒரே உச்சமாக வெளிவந்தால் அடியில் கால்வாய் உண்டு என்றும், மெதுவாகவும் சிதறியும் வந்தால் நீர் குழிவுகளின் வழியே சுற்றி வருகிறது என்றும் கொள்ளப்படுகிறது. குளிர்காலத்தில் நீர்வரத்துக் குறைந்ததும் பனி கால்வாய்களை நெருக்கி மூடிவிடுவதால், ஒரு பருவத்தில் கண்டறிந்த வழிகளை அடுத்த கோடையில் மீண்டும் சோதித்தே உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.