காயமும் வளர்ச்சியும்: பிள்ளைகளுக்கான புனர்வாழ்வு மருத்துவம் பற்றிச் சில குறிப்புகள்

மூளையிலோ முள்ளந்தண்டிலோ காயமுற்ற பிள்ளையின் உயிரைச் சத்திரசிகிச்சை நிபுணர் காப்பாற்றுகிறார். அதன்பின் அப்பிள்ளை வாழவேண்டிய வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிலேயே புனர்வாழ்வு மருத்துவம் தொடங்குகிறது. (2009 இன் பின்னர் ஈழத்துத் தமிழில் ‘புனர்வாழ்வு’ என்னுஞ் சொல் வேறொரு நினைவையுஞ் சுமந்து நிற்பதை நாம் அறிவோம்.)

நாஸி ஜேர்மனியிலிருந்து வெளியேறிய லூட்விக் குட்மன், போர்க்காலத் தேவையை ஒட்டி 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவிலில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவை ஆரம்பித்தார். தமிழ்நாட்டின் வேலூரில் 1954 இல் விபத்தொன்றிற் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பின்னர் இத்துறையைக் கற்று, 1966 இல் அங்கு திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையத்தின் உருவாக்கத்தில் முன்னின்றார்.

பிள்ளையின் உடல் காயத்துடனேயே வளர்கிறது என்பதே இங்கு அடிப்படை. என்பு நீள்கிறது, இறுகிய தசை நீள மறுக்கிறது, இடுப்பு மூட்டு விலகுகிறது, முள்ளந்தண்டு வளைகிறது. மூளைக் காயத்தின் சில விளைவுகள் ஆண்டுகள் பல கழித்து, வகுப்பறையிலேதான் தெரியவரும். ‘சின்னப் பிள்ளைதானே, மாறிவிடும்’ என்னும் ஆறுதல் ஆகையால் அரை உண்மையே. ‘எப்போது நடப்பான்?’ என்று தாய் கேட்கிறாள். நிபுணரோ விழுங்குதல், சிறுநீர், படுக்கைப்புண் என்பவற்றை முதலில் விசாரிக்கிறார். சிறுநீர் தேங்கினாற் சிறுநீரகம் பழுதடையும். நடை அதற்குப் பின்னரே. இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர், தாதியர், ஆசிரியர் ஆகியோரின் கூட்டுழைப்பை ஒழுங்குபடுத்துவதே அந்நிபுணரின் தொழில்.

மட்டக்களப்பிலே இக்கூட்டுழைப்பின் பெரும்பங்கு வீட்டில் நிகழ்கிறது. போதனா வைத்தியசாலை நகரில் உள்ளது; இத்துறைக்கெனவுள்ள ராகம வைத்தியசாலையோ 300 கிலோமீற்றருக்கு அப்பால். அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம் என்பது இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு. அதனை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் படுவான்கரையில் வயற்கூலிக்குச் செல்லும் தாய் இழக்கும் நாட்கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நாள்தோறும் தசைகளை நீட்டிவிடுதல், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை குழாய்வழி சிறுநீரை வெளியேற்றுதல், இரவிற் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகிய யாவும் அவளுடைய ஊதியமற்ற உழைப்பே. அவள் இல்லாதபோது அம்மம்மாவினுடையது, அன்றேல் பள்ளிக்கூடம் நின்ற அக்காளினுடையது.

1944 இன் ஸ்ரோக் மண்டவிலுக்கு அரசின் போர்க்காலத் தேவை பின்னணியாயிருந்தது. வயற்கூலிப் பெண்ணின் பிள்ளைக்கு அத்தகைய பின்னணி இல்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமை பயணத்தை இலகுவாக்கிற்று என்பது மெய்யே. மாரி வெள்ளத்தில் வயலோர வீதிகள் மூழ்கும் வாரங்களில் கிளினிக் அட்டையிலுள்ள திகதிக்கு யார் எப்படி வருவது என்பதையும் சிகிச்சைத் திட்டம் வகுத்தாகவேண்டும்.