இணையப் பொதுமமும் மொழிபெயர்ப்பு உரிமையும்

இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் ஆய்வுநூல்கள் எல்லா மொழியினர்க்கும் பொதுவானவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. உரிமங்களின் அடிப்படையில் நோக்கின் இக்கருத்து முழுமையாகப் பொருந்தாது.

பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு மொழிபெயர்க்கும் உரிமையை நூலாசிரியர்க்கே உரியதாக்குகிறது. அவ்வுரிமையைப் பிறர்க்கு முன்கூட்டியே வழங்கக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் வழிசெய்தன. எனினும், இன்று வழக்கிலுள்ள ஆறு உரிமங்களுள் இரண்டு வழிப்படைப்பைத் தடுப்பவை. மொழிபெயர்ப்பும் வழிப்படைப்பே. ஆதலால் 2013இல் வெளியான 4.0 பதிப்பின்படி, இத்தடையுள்ள நூலை ஒருவர் தமக்காக மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அதனைப் பிறருடன் பகிர இயலாது. தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் நால்வகையுள் ஒன்றாகக் கொள்வது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு நூலாக்க முறையாக ஏற்கப்பட்டது இங்குத் தடைக்குள்ளாகிறது.

மூலம் திரிக்கப்படும் என்னும் அச்சமே இத்தடைக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால், வழிப்படைப்பை இசையும் 4.0 உரிமங்களும் மாற்றங்களைக் குறிப்பிடுமாறு பணிக்கின்றன. மூல ஆசிரியர் ஒப்புதல் அளித்ததாகக் காட்டுவதையும் விலக்குகின்றன. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையைத் தமிழாக்கி வெளியிடத் தனி இசைவு வேண்டுவதில்லை; மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும்.

இத்தடையின் சுமை எல்லா மொழிகள்மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. ஆங்கிலம் அறிந்தவர்க்குத் திறந்திருக்கும் நூல், தமிழ்வழி பயில்வோர்க்கு மூடியதாகவே அமைகிறது. எனவே உரிமத் தேர்வு வெறும் அலுவல்முறையன்று. எம்மொழியினர் பொதுமத்தில் பங்குபெறுவர் என்பதை வரையறுக்கும் மொழி அரசியலாகும். ஆய்விதழ்களும் ஆய்வாளர்களும் இதனைக் கருத்திற்கொண்டு உரிமம் தெரிதல் வேண்டும்.