வெட்டியெடுத்த கட்டி எங்கே போகிறது?

உள்ளங்காலில் சிவப்பாக ஒரு சதை முளை. நடந்தால் வலி, உரசினால் ரத்தம். வீட்டார் ‘கால் ஆணி’ என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவார்கள். உதிராவிட்டால் பிளேடால் சீவுவதும் உண்டு.

அது ‘எக்ரைன் போரோமா’வாகவும் இருக்கலாம். வியர்வைக் குழாயிலிருந்து வளரும் அபூர்வக் கட்டி இது; 1956-இல் ஹெர்மன் பிங்கஸ் குழுவினர் இதை விவரித்தார்கள். வரப்பை ஒட்டி ஓடும் வாய்க்கால்போல முளையைச் சுற்றிச் சன்னமான பள்ளம் தெரிவது ஓர் அடையாளம். இது புற்றுநோய் அல்ல. முழுதாக அகற்றினால் பெரும்பாலும் திரும்ப வராது. பல ஆண்டுகள் அப்படியே விட்டால், அரிதாகப் புற்றாக மாறலாம்.

பிள்ளைகளின் முகத்திலும் கழுத்திலும் மேற்கையிலும் வரும் ‘பைலோமேட்ரிகோமா’ இன்னொன்று. மயிர்க்காலிலிருந்து வளர்வது. சுண்ணாம்புச்சத்து படிந்து கெட்டியாக இருக்கும். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும். ஆனாலும் மருத்துவர்களே இதைக் கொழுப்புக் கட்டி என்று நினைப்பது சகஜம். கண்ணுக்கும் விரலுக்கும் அந்த அளவுதான் எட்டும். மிச்சத்தை மைக்ராஸ்கோப்தான் சொல்ல வேண்டும்.

அச்சம் தருவது இந்தக் குழப்பத்தின் மறுபக்கம். நிறமி இல்லாத மெலனோமா என்ற கொடிய புற்றும் போரோமாவைப் போலவே சிவப்பு முளையாக வரும். பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் இருந்தது கால்பந்துக் காயம் என்றே முதலில் கருதப்பட்டது. அது மெலனோமா என்று 1977-இல் தெரிந்தது. 1981-இல், 36 வயதில், அவர் இறந்தார்.

ஆகவே சந்தேகமான கட்டியைச் சூடுவைத்துப் பொசுக்குவதோ, ஆசிட் தொட்டு வைப்பதோ, குதிரைமுடி கட்டி உதிர்ப்பதோ ஆபத்து. சோதிக்க வேண்டிய சதை அதிலேயே அழிந்துபோகிறது. “எடுத்ததை பயாப்சிக்கு அனுப்புவீர்களா?” என்று கத்தி வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவது பெரிய வேலையில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் தோல் பிரிவும் நோய்க்குறியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது ஏழைகளுக்குப் பெரிய துணை.

கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை. சிகிச்சையின் தன்மை, மாற்றுவழி, ஆபத்து ஆகியவற்றை விளக்கியே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். கட்டணம் வாங்கும் சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டியைத் தவறாகக் கணித்தது மட்டுமே அலட்சியமாகிவிடாது; நியாயமான கவனம் இருந்ததா என்பதையே சட்டம் பார்க்கும்.

ரிப்போர்ட் வந்ததும் கட்டியின் பெயரோடு நின்றுவிடாமல், வெட்டிய ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறதா எனக் கேட்டறிய வேண்டும். குழப்பம் இருந்தால் ஸ்லைடையும், சதைத்துண்டைப் பதித்துவைத்த பாரஃபின் பிளாக்கையும் வாங்கி வேறொரு நிபுணரிடம் காட்டலாம்.