ஏழு எழுத்துகளில் ஒளிந்திருக்கும் சொற்கள்

'லிஸன்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதச் சொன்னால், அவசரத்தில் பலர் நடுவில் வரும் 'டி' எழுத்தை விட்டுவிடுவார்கள். காரணம், அந்த எழுத்து அங்கே ஒலிப்பதே இல்லை. இப்போது அதே ஆறு எழுத்துகளை இடம் மாற்றிப் பாருங்கள். 'சைலன்ட்' என்ற சொல் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் மாற்றினால் படையில் சேர்வதைக் குறிக்கும் 'என்லிஸ்ட்', அலங்காரப் பளபளப்பு இழையான 'டின்ஸல்' ஆகியவையும் வரும். ஒருமுறை இப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தவர், 'லிஸன்' எழுதும்போது அந்த ஊமை எழுத்தை எளிதில் மறக்கமாட்டார்.

தமிழில் பெரும்பாலும் ஒலிப்பதையே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் காது சொல்வதை மட்டும் நம்பினால் எழுத்துப்பிழைதான் மிஞ்சும். கண்ணும் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை விளையாட்டாகவே தருவதுதான் ஸ்க்ரேபிள்.

வேலை இழந்தவரின் கண்டுபிடிப்பு

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், இந்த விளையாட்டை உருவாக்கினார். எந்த எழுத்து எவ்வளவு தடவை வருகிறது என்பதை அறிய அவர் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணினார். அதனால்தான் 100 காய்களில் 'இ' 12 இருக்கிறது. 'கியூ' ஒன்றே ஒன்று. எளிதாகக் கிடைக்கும் 'இ'க்கு 1 புள்ளி. அரிதான 'கியூ'வுக்கு 10 புள்ளிகள். 'எஸ்' மட்டும் வேண்டுமென்றே நான்காகக் குறைக்கப்பட்டது. இல்லையேல் எல்லாரும் பன்மை சேர்த்தே புள்ளிகளை அள்ளிவிடுவார்கள்!

எப்படித் தேடுவது?

உங்கள் கையில் ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், டி என்று ஏழு காய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றை 5,040 விதமாக அடுக்கலாம். விநாடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் 84 நிமிடம் ஆகும். போட்டியிலோ ஒருவருக்கு முழு ஆட்டத்துக்கும் வழக்கமாக 25 நிமிடம்தான். ஆகவே, குருட்டுத்தனமாக அடுக்குவதில் பயனில்லை.

முதலில் சொல்லின் வாலைப் பிரித்தெடுங்கள். மேலே உள்ள காய்களில் 'ஐ, என், ஜி' மூன்றும் இருக்கின்றன. அவற்றை வலப்பக்கம் ஒதுக்கி வையுங்கள். மீதி நான்கு எழுத்துகளில் கிழிப்பதைக் குறிக்கும் 'டேர்' தெரிகிறதா? இரண்டையும் சேர்த்தால் 'டேரிங்'. ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

அதே நான்கு எழுத்துகளில் 'ரேட்' என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால், அதனுடன் 'இங்' சேரும்போது கடைசி 'இ' விழுந்துவிடும் என்பது இலக்கணம். ஆகவே அது இங்கே உதவாது. விளையாட்டுக்கு நடுவே ஓர் இலக்கணப் பாடமும் நடந்துவிடுகிறது!

வால் பிரித்த பிறகு தலையைப் பாருங்கள். 'ஜி', 'ஆர்' இரண்டையும் முன்னால் வைத்தால் கருங்கல்லைக் குறிக்கும் 'கிரானைட்' வரும். 'ஐ', 'என்' இரண்டையும் முன்னால் வைத்தால் நன்றி கெட்டவரைக் குறிக்கும் 'இன்கிரேட்' வரும். நான்காவது சொல், அதிகப் புளிப்புச் சுவையுடைய 'டேங்கியர்'.

சிறிய சொற்களையும் அலட்சியம் செய்யாதீர்கள். 'யு' இல்லாமல் 'கியூ' மாட்டிக்கொண்டால் பலர் திணறுவார்கள். சீனர்கள் உயிர் ஆற்றல் என்று குறிப்பிடும் 'ச்சி' என்ற சொல் 'கியூ', 'ஐ' ஆகிய இரண்டே எழுத்துகளில் உங்களைக் காப்பாற்றும். நம் தோசையும் இட்லியும்கூட அனைத்துலகப் போட்டிகளின் சொற்பட்டியலில் இருக்கின்றன.

தாய்மொழி தடையல்ல

"ஆங்கிலம் நம் வீட்டு மொழி இல்லையே" என்று தயங்குகிறீர்களா? 2003இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் தாய்லாந்தின் பானுபோல். 2009இல் ஜொகூர் பாருவில் வென்ற பக்கோர்னும் தாய்லாந்துக்காரரே. இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல.

மலேசியாவில் வாழும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் பலமுறை உலக வெற்றியாளர். 2015இல் அவர் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சுமார் ஒன்பது வாரங்களில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து சாதித்தார். வியக்கத்தக்க நினைவாற்றல்தான். ஆனால், மாணவர்களாகிய நமக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொருள் தெரியாத சொல் பலகையில் புள்ளி தரும், எஸ்.பி.எம். கட்டுரையிலும் நேர்முகத் தேர்விலும் அது கைகொடுக்காது.

செயலி செய்யும் வேலை

எழுத்துகளைத் தட்டினால் சொற்களைக் காட்டும் செயலிகள் இன்று ஏராளம். அவற்றின் உத்தி எளிது. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். 'லிஸன்', 'சைலன்ட்' இரண்டும் அப்படி அடுக்கினால் ஒரே வரிசையாகிவிடும். நீங்கள் தரும் எழுத்துகளையும் அவ்வாறே அடுக்கி ஒப்பிட்டால் போதும். 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் விடை நொடியில் கிடைக்கும்.

ஆனால், தேடும் முன்பே விடையைப் பார்த்தால் மனத்தில் எதுவும் தங்காது. முதலில் ஐந்து நிமிடம் நீங்களே முயலுங்கள். பிறகு செயலியில் சரிபாருங்கள். தவறவிட்ட சொற்களில் மூன்றைப் பொருளோடு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் பயன்படுத்துங்கள். நாளுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல்!

இதோ இன்றைய பயிற்சி: 'டீச்சர்' என்ற சொல்லின் ஏழு எழுத்துகளையும் மாற்றி அடுக்குங்கள். ஏமாற்றுக்காரரைக் குறிக்கும் ஒரு சொல்லும், நிலத்தை அளக்கும் ஒரு சொல்லும் அதில் ஒளிந்திருக்கின்றன. கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பென்சிலை எடுங்கள்.