குளிர் தரும் அவகாசம்

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். உச்சியில் நிற்பவருக்கும் செம்பவாங் கடற்கரையில் நிற்பவருக்கும் வெப்பத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுதான். கடலோரத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 டிகிரி. மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றமும் கிடையாது. அராபிகா காப்பிச் செடிக்கு உகந்த ஆண்டுச் சராசரியோ 18 முதல் 22 டிகிரி வரை. லிட்டில் இந்தியாவில் டபரா டம்ளரில் நுரைத்து வரும் காப்பிக்குரிய அராபிகாவைச் சிங்கப்பூர் மண்ணில் நல்ல தரத்தில் விளைவிக்க முடியாததற்கு இந்த ஏழெட்டு டிகிரியே முதல் காரணம்.

மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. செம்பவாங்கில் 1,200 மீட்டர் உயர மலை ஒன்று இருந்திருந்தால் அங்கே சராசரி 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு நாம் வடக்கே எவ்வளவு அருகில் இருக்கிறோமோ, ஏறக்குறைய அதே அளவு தெற்கே, சுமத்ராவில், கெரிஞ்சி எரிமலை நிற்கிறது. 3,805 மீட்டர். அதைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் விளையும் அராபிகா இன்று புவிசார் குறியீடு பெற்ற காப்பி. சூரியன் அங்கும் நம் தலைக்கு மேல் காயும் அதே சூரியன்தான். உயரம் மட்டுமே வேறு.

அந்தக் குளிரில் பழத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். அராபிகா பூத்துப் பழுக்க ஏழு முதல் ஒன்பது மாதம் ஆகும். வெப்பம் கூடினால் சதை முந்திக்கொண்டு சிவந்துவிடுகிறது; உள்ளே இருக்கும் கொட்டையில் இலைகளிலிருந்து வரும் சர்க்கரையும் அதிலிருந்து உருவாகும் கொழுப்பும் முழுமையாகச் சேர்வதற்குள் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். குளிரில் சதை மெதுவாகப் பழுக்கிறது. கொட்டைக்குக் கூடுதல் வாரங்கள் கிடைக்கின்றன. அது இறுகி, கனத்து, அடர்த்தியாகிறது. அராபிகாக் கொட்டையின் உலர் எடையில் 6 முதல் 9 விழுக்காடு வரை சுக்ரோஸ் இருக்கும். காப்பியின் இன்னொரு இனமான ரொபஸ்டாவில் பொதுவாக அதைவிடக் குறைவு. வறுக்கும்போது இந்தச் சர்க்கரை அப்படியே இருப்பதில்லை. அமிலங்களாகவும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகவும் சிதைகிறது. நல்ல மலைக் காப்பியின் முதல் வாயில் நாவில் தெறிக்கும் அந்தப் பழப் புளிப்பு இப்படி வந்ததுதான்.

எனவே பொட்டலத்தின் மேல் ‘1,400 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது அரைகுறை அறிவு. ஹவாயின் கோனா காப்பி உலகப் புகழ் பெற்றது. அது விளைவது பெரும்பாலும் 150 முதல் 900 மீட்டர் உயரத்தில். கோனா 19 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. போதாததற்குப் பிற்பகல்களில் மலைச்சரிவில் மேகம் வந்து கவிந்து வெயிலை மறைத்துவிடுகிறது. தாழ்ந்த இடத்திலேயே செடிக்கு வேண்டிய குளிர் கிடைத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கெரிஞ்சிக்காரர் அதே குளிருக்காக இன்னும் பல நூறு மீட்டர் ஏறியாக வேண்டும். செடி கேட்பது குளிர் தரும் அவகாசத்தை. மீட்டர் கணக்கு நமக்காகத்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டக்காரர்கள். சிக்மகளூர், குடகு, பழனி மலை என்று எங்கே போனாலும் காப்பி மர நிழலில்தான் வளர்கிறது. பலா, அத்தி, கல்யாணமுருங்கை, பின்னாளில் வந்த சில்வர் ஓக், அவற்றின் மேல் படரும் மிளகுக்கொடி. வெட்டவெளித் தோட்டங்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது காப்பித் தோட்டம் என்றே தோன்றாது, காடு என்று நினைப்பார்கள். இந்த நிழல் செய்வது, இல்லாத உயரத்தை ஈடுகட்டுவது. கோஸ்டா ரிகாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், நிழலில் நின்ற செடிகளின் பழம் ஆறு வாரம் வரை தாமதமாகப் பழுத்தது, கொட்டை பருத்தது, சுவையும் மேம்பட்டது. விளைச்சல் மட்டும் குறைந்தது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு நிழலைக் காத்துவந்த சிறு தோட்டக்காரர்களின் பொறுமை அந்தக் காப்பியின் ருசியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நிழலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அராபிகாவைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டுகளைத் தேடிப்போய் முட்டையிடும். நிழலை வெட்டிய தோட்டத்தில் அதற்குக் கொண்டாட்டம்.

மலை தருவது குளிரை மட்டுமா? மழையின் நேரத்தையும் தருகிறது. குடகிலும் சிக்மகளூரிலும் டிசம்பர் முதல் சில மாதங்கள் வறட்சி. மொட்டுகள் அப்படியே உறங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்ததும் விழித்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து மலை முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல் மணக்கும். தோட்டக்காரர்கள் அந்த மழையைப் ‘பிளாஸம் ஷவர்’ என்பார்கள். அது பத்து நாள் முந்தினாலும் பிந்தினாலும் வீட்டில் தூக்கம் இருக்காது. பூக்கும் நேரத்தில் அடித்துப் பெய்தாலும் கெடுதல்தான். ஒன்றாகப் பூப்பதால் பெரும்பாலும் ஒன்றாகப் பழுக்கிறது. பறிக்கும் பருவமும் தெளிவாக இருக்கிறது. தெளிவான வறட்சிக் காலம் இல்லாத சுமத்ரா மலைகளில் ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் சேர்ந்தே நிற்கும். பறிப்பவர்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அதே செடிக்கு வந்து சிவந்ததை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பறித்த பிறகும் வானிலை விடுவதில்லை. கொட்டையை உலர்த்தத் தொடர்ந்து வெயில் வேண்டும். சுமத்ரா மலைகளில் அது கிடைக்காது. அதனால் கொட்டை ஈரமாக இருக்கும்போதே மேலோட்டை நீக்கிவிட்டு, பிறகு காயவைக்கிறார்கள். ‘கிலிங் பாசா’ என்ற இந்த முறைதான் சுமத்ரா காப்பிக்குரிய மண்வாசனைக்கும் கனத்த குழைவுக்கும் பெரும் காரணம். மழையோடு மல்லுக்கட்ட வழியில்லாமல் தோன்றிய ஏற்பாடு, அந்தத் தீவின் முத்திரையாகிவிட்டது. மலபாரிலும் இப்படி ஒரு கதை உண்டு. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன கொட்டைகள் கடல் ஈரத்தில் ஊதிப் பொன்னிறமாகும், புளிப்பு அடங்கிவிடும். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்து, நீராவிக் கப்பல்களும் வந்தபின் பயணம் சுருங்கியது. பழைய சுவைக்குப் பழகியவர்கள் அதைக் கேட்டார்கள். இன்று மங்களூர்க் கரையில் கிடங்குகளைத் திறந்துவைத்துத் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே விட்டு அதே மாற்றத்தை உண்டாக்குகிறார்கள்.

அதே 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் காடழித்து உருவாக்கிய மலைச்சரிவுகள் அவை. ஈரமும் மிதமான வெப்பமும் அந்தப் பூஞ்சைக்கும் பிடித்தவை. இருபது ஆண்டுக்குள் இலங்கையின் காப்பிப் பொருளாதாரம் சரிந்து தேயிலை வந்தது. துருவுக்கு ஆளான அராபிகாவுக்கு மாற்றாக அப்போது நடப்பட்டவற்றுள் லைபீரிகா இனம் முக்கியமானது. தாழ்நிலத்துச் சூட்டைத் தாங்கும் மரம் அது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதைப் பயிரிட்டார்கள். பிறகு காப்பி விலை விழுந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி விடாமல் பரிந்துரைத்த ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. செம்பவாங்கும் ரப்பர் தோட்டமானது. கடற்படைத் தளம் வந்து, தமிழரும் மலையாளிகளும் வேலைக்கு வந்து குடியேறியது அதற்கும் பின்னால். லைபீரிகா அடியோடு போய்விடவில்லை. செம்பவாங் பூங்காவிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் தெரியும் ஜொகூரில் அது இன்றும் விளைகிறது. நான் அதை மலைக் காப்பிக்கு இளைத்தது என்று சொல்லமாட்டேன். வெப்பத்தோடு ஒத்துப்போகத் தெரிந்த இன்னொரு வம்சம் அது.

காப்பிக் கடையில் நாம் கேட்கும் கோப்பி-ஓ பெரும்பாலும் தாழ்நிலத்து ரொபஸ்டாவில் செய்தது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கிறார்கள். ரொபஸ்டாவில் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் உண்டு, கசப்பும் கூட. அதற்கு அந்த வறுவல் பொருந்துகிறது. நல்ல மலை அராபிகாவை அப்படிக் கறுக்கினால் குளிர் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த மணமெல்லாம் வாணலியிலேயே போய்விடும். அதை இளம்பழுப்பில் இறக்குவதுதான் நியாயம்.

அந்த மாதங்கள்தான் இப்போது குறைந்துவருகின்றன. உலகம் சூடேறச் சூடேற அராபிகாவுக்கு உகந்த நிலம் 2050க்குள் ஏறத்தாழ பாதியாகும் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. இன்னும் மேலே ஏறி நட்டால் என்ன என்று கேட்கலாம். சிக்மகளூரின் பாபா புதன் மலையில் தோட்டங்களுக்கு மேலே இருப்பது சோலைக்காடும் புல்வெளியும். ஆறுகளுக்கு நீர் ஊறும் இடம் அது. அதைத் தொடவே கூடாது. வேறு வழி தேடுபவர்களின் பார்வை மேற்கு ஆப்பிரிக்காவின் ஸ்டெனோஃபில்லா மேல் விழுந்திருக்கிறது. சியரா லியோனில் பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்து 2018இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட காட்டு இனம். சுவையில் அராபிகாவுக்கு நெருக்கமானது என்று தேர்ந்த சுவைஞர்கள் மதிப்பிட்டதை 2021இல் கியூ தாவரத் தோட்ட ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அராபிகாவின் இடங்களைவிட ஆறு டிகிரிக்கு மேல் சூடான, சராசரி 24.9 டிகிரி வெப்பமுள்ள தாழ்ந்த குன்றுகளில் அது வளர்கிறது. செம்பவாங்கின் வெப்பத்தைவிட அது இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. விளைச்சல் குறைந்த செடி என்பதால் தோட்டத்துக்குக் கொண்டுவரப் பல ஆண்டு உழைப்பு தேவைப்படும். அதுவரை மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கும் ஒவ்வொரு நிழல் மரமும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும்.